சிரங்கு: க்ரீம் போட்டும் அரிப்பு ஏன் திரும்பி வருகிறது?

பகலில் பெரிதாகத் தெரியாது. இரவு லைட்டை அணைத்துப் படுத்த பிறகுதான் ஆரம்பிக்கும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, தொப்புளைச் சுற்றி என ஒரே அரிப்பு. 'ஏதோ அலர்ஜி' என்று மெடிக்கல் ஷாப்பில் ஒரு க்ரீம் வாங்கிப் போடுவார்கள். நாலு நாள் அடங்கும். அப்புறம் மறுபடியும் வரும். அதற்குள் ரூம்மேட்டும் சொறிய ஆரம்பித்திருப்பார்.

ஹாஸ்டல், பி.ஜி., கூட்டுக் குடும்பம் என்று நெருக்கமாக வாழ்கிறவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. ஊர்ப்பக்கம் சொறி, சிரங்கு என்பார்கள். டாக்டர்கள் 'ஸ்கேபிஸ்' என்பார்கள். உலகில் எந்த நேரத்தில் கணக்கெடுத்தாலும் 20 கோடிப் பேருக்கு மேல் இது இருக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2017-ல் 'புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள்' பட்டியலில் இதையும் அந்த நிறுவனம் சேர்த்தது.

இவ்வளவு பரவலான நோய்க்கு மருந்து இல்லையா? இருக்கிறது, பல பத்தாண்டுகளாகவே இருக்கிறது. ஆனால் அந்த மருந்தை யாருக்கு, எப்போது கொடுப்பது என்பதில்தான் இப்போது சிந்தனை மாறியிருக்கிறது. அந்த மாற்றம் என்ன, அது உங்கள் வீட்டுக்கும் ஏன் பொருந்தும் என்று பார்க்கலாம்.

சிரங்கு எதனால் வருகிறது?

'மைட்' என்ற நுண்ணிய ஒட்டுண்ணிதான் காரணம். பேச்சுவழக்கில் பூச்சி என்று சொல்லலாம். ஆனால் எட்டுக் கால் கொண்ட இது உண்மையில் சிலந்தியின் உறவுக்காரர். பெண் மைட்டின் நீளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, வெறும் கண்ணுக்குப் பிடிபடுவது கஷ்டம். தோலின் மேலடுக்கில் குழி தோண்டி உள்ளே போய், தினமும் இரண்டு மூன்று முட்டைகள் இட்டபடி ஒன்றிரண்டு மாதம் அங்கேயே வாழ்கிறது. முட்டைகள் மூன்று நான்கு நாட்களில் பொரிந்துவிடும். அந்தக் குஞ்சுகள் வளர்ந்து, அவையும் முட்டையிடச் சுமார் இரண்டு வாரம் ஆகும்.

சாதாரணமாக ஒருவர் உடம்பில் மொத்தமே 10, 15 மைட்டுகள்தான் இருக்கும். அதற்கா இவ்வளவு அரிப்பு? அரிப்பைத் தருவது அவை கடிப்பது அல்ல. மைட், அதன் முட்டை, அதன் கழிவு எல்லாவற்றையும் உடம்பு அந்நியப் பொருளாகப் பார்த்து எதிர்வினை காட்டுகிறது. அந்த எதிர்வினைதான் அரிப்பு.

இதில்தான் பெரிய பொறி இருக்கிறது. முதல்முறை தொற்றும்போது, அந்த எதிர்வினை உருவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதாவது உங்களுக்கு மைட் ஒட்டி ஒரு மாதம் வரை ஒன்றுமே தெரியாது. ஆனால் அந்த ஒரு மாதமும் நீங்கள் மற்றவர்களுக்குப் பரப்பிக்கொண்டிருக்கலாம்.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். அறையில் மூன்று பேர். ஒருவருக்கு மட்டும் அரிப்பு. அவர் மட்டும் மருந்து போட்டுக் குணமாகிறார். மற்ற இருவரில் ஒருவர் உடம்பில் மைட் ஏற்கெனவே குடியேறியிருக்கிறது, அவருக்கு இன்னும் அரிப்பு வரவில்லை. அவரிடமிருந்து முதல் ஆளுக்கே திரும்பி வருகிறது. இரண்டாம் முறை வரும்போது உடம்பு ஏற்கெனவே பழகியிருப்பதால் ஓரிரு நாட்களிலேயே அரிப்பு கிளம்பிவிடும். 'மருந்து வேலை செய்யலை' என்று அவர் நினைப்பார். மருந்து வேலை செய்திருக்கும். பக்கத்துக் கட்டிலில் வேலை மிச்சம் இருந்திருக்கும்.

குளிக்காதவர்களுக்குத்தான் வருமா?

இல்லை. தினம் இரண்டு வேளை குளிப்பவருக்கும் வரும். மைட் தோலுக்குள் இருப்பதால் சோப்பு போட்டுக் கழுவிவிட முடியாது. பரவுவதற்குத் தேவை ஒன்றுதான்: தோலோடு தோல் சற்று நேரம் தொடர்ந்து ஒட்டியிருப்பது. கை குலுக்கினால் பெரும்பாலும் வராது. பக்கத்தில் படுத்துத் தூங்குவது, குழந்தையைத் தூக்கி வைத்திருப்பது, உடலுறவு போன்றவற்றில் பரவும். இடநெருக்கடி உள்ள வீடுகளில் அதிகம் வருவதற்குக் காரணம் அழுக்கு அல்ல, நெருக்கம்.

இந்தத் தவறான நம்பிக்கைக்கு விலை உண்டு. 'அசிங்கமான வியாதி' என்ற வெட்கத்தில் பலர் வெளியே சொல்வதில்லை. சொல்லாததால் கூட இருப்பவர்கள் மருந்து எடுப்பதில்லை. நோய் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

மெடிக்கல் ஷாப் க்ரீமில் என்ன பிரச்சினை?

நம் ஊரில் 'அரிப்புக்கு ஒரு க்ரீம் கொடுங்க' என்று கேட்டால் பல நேரம் கையில் வருவது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற விதி இருந்தும் இது நடக்கிறது. ஸ்டீராய்டு உடம்பின் எதிர்வினையை அடக்கும். அரிப்பு குறையும், சிவப்பும் மங்கும். ஆனால் மைட் சாகாது. அது நிம்மதியாகப் பெருகும். பிறகு டாக்டரிடம் போகும்போது அடையாளங்கள் எல்லாம் மாறிப்போயிருக்கும். படர்தாமரையா, எக்ஸிமாவா, சிரங்கா என்று அவரே குழம்ப வேண்டியிருக்கும். படர்தாமரை என்பது பூஞ்சையால் வருவது. அதற்கும் இதற்கும் மருந்து முற்றிலும் வேறு.

சரியான மருந்து எது?

பல நாடுகளிலும் டாக்டர்கள் முதலில் எழுதுவது 5 சதவீத பெர்மெத்ரின் க்ரீம். மைட்டின் நரம்புகளைத் தாக்கிக் கொல்லும். கழுத்து முதல் உள்ளங்கால் வரை, ஓர் இடம் விடாமல் பூசி, 8 முதல் 14 மணி நேரம் வைத்திருந்து குளிக்க வேண்டும். ஒன்று அல்லது இரண்டு வாரம் கழித்து மறுபடியும் ஒருமுறை.

கேட்க எளிது, செய்வது கஷ்டம். பெரும்பாலானோர் அரிக்கும் இடத்தில் மட்டும் தடவுகிறார்கள். நக இடுக்கு, பிட்டம், பிறப்புறுப்பு, முதுகின் நடுப்பகுதி விட்டுப்போகும். நடுவில் கை கழுவினால் கையில் பூசியது போய்விடும், திரும்பப் பூச வேண்டும். ஒரு பெரியவருக்கு ஒரு தடவைக்கே சுமார் 30 கிராம் தேவை. ஐந்து பேர் வீட்டில் அதைக் கணக்கிட்டால் செலவும் நிற்கும்.

இன்னொரு கவலையும் சேர்ந்திருக்கிறது. முறையாகப் பூசியும் கேட்காத நோயாளிகள் அதிகரிப்பதாக ஐரோப்பியத் தோல் மருத்துவர்கள் சில ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். இந்திய மருத்துவர்களிடமிருந்தும் இதே குரல் வருகிறது. ஆஸ்திரியாவில் நடந்த ஓர் ஆய்வில் பெர்மெத்ரின் பூசியவர்களில் நான்கில் ஒருவருக்குச் சற்று மேல்தான் குணமானது. பென்சைல் பென்சோயேட் என்ற பழைய மருந்தைப் பூசியவர்களிலோ பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் குணமானார்கள். எரிச்சல் தருகிறது என்று பின்னுக்குத் தள்ளப்பட்ட இந்த மலிவான லோஷன் அதனால் மறுபடியும் பேசப்படுகிறது. ஓர் ஆய்வை வைத்து எல்லா ஊருக்கும் முடிவு கட்ட முடியாது. ஆனால் ஒரே மருந்தை நம்பியிருந்தால் ஆபத்து என்பது புரிகிறது.

மாத்திரை எங்கிருந்து வந்தது?

ஐவர்மெக்டின் என்ற பெயரைக் கோவிட் காலத்தில் கேட்டிருப்பீர்கள். வாட்ஸ்ஆப்பில் வலம்வந்த மாத்திரை அது. பெரிய ஆய்வுகளில் கோவிட்டுக்கு அதனால் பயன் தெரியவில்லை. அந்தச் சர்ச்சையில் பலருக்கும் தெரியாமல் போனது, ஒட்டுண்ணிகளுக்கு எதிராக அதற்கு இருக்கும் நிஜமான பெருமை.

ஜப்பானிய விஞ்ஞானி சடோஷி ஓமுரா, தன் நாட்டு மண்ணில் இருந்து பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியாவில் இருந்து பிறந்தது இந்த மருந்து. அமெரிக்காவில் வில்லியம் கேம்ப்பெல் அதை ஒட்டுண்ணிகள் மீது சோதித்தார். 2015-ல் இருவரும் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். முதலில் கால்நடைகளுக்கும், பிறகு ஆப்பிரிக்காவில் பார்வையைப் பறிக்கும் 'ஆற்றுக் குருடு' நோய்க்கும் பயன்பட்டது. 2019-ல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சிரங்குக்கான மருந்தாகவும் இதைச் சேர்த்தது.

ஐவர்மெக்டின் மைட்டின் நரம்பையும் தசையையும் செயலிழக்கச் செய்கிறது. ஆனால் முட்டையைக் கொல்வதில்லை. உடம்பில் இருந்தும் சில நாட்களில் வெளியேறிவிடும். அதனால்தான் ஏழு முதல் 14 நாள் இடைவெளியில் இரண்டாவது டோஸ். முட்டையில் இருந்து வந்த குஞ்சுகள், தாங்களும் முட்டையிடும் முன் சிக்கிக்கொள்ளும். 'முதல் டோஸிலேயே அரிப்பு குறைஞ்சிடுச்சு' என்று இரண்டாவதை விட்டால், மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பம்.

ஃபிஜி தீவுகளில் நடந்தது என்ன?

பசிபிக் பெருங்கடலில் உள்ள ஃபிஜி, சிரங்கு மிக அதிகமாக உள்ள நாடுகளில் ஒன்று. 2012-ல் அங்கே மூன்று தீவுச் சமூகங்களில் சுமார் 2,000 பேரை வைத்து ஒரு சோதனை தொடங்கியது. முதல் இடத்தில் வழக்கமான முறை: நோய் இருப்பவருக்கும் அவரோடு நெருங்கிப் பழகுவோருக்கும் மட்டும் பெர்மெத்ரின். இரண்டாவது இடத்தில் நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோருக்கும் பெர்மெத்ரின். மூன்றாவது இடத்தில் எல்லோருக்கும் ஐவர்மெக்டின் மாத்திரை.

ஒரு வருடம் கழித்துப் பார்த்தார்கள். வழக்கமான முறையில் சிரங்கு 36.6 சதவீதத்தில் இருந்து 18.8 ஆகக் குறைந்திருந்தது. எல்லோருக்கும் க்ரீம் கொடுத்த இடத்தில் 41.7-ல் இருந்து 15.8. எல்லோருக்கும் மாத்திரை கொடுத்த இடத்தில் 32.1-ல் இருந்து 1.9. மூன்று பேரில் ஒருவருக்கு இருந்த நோய், 50 பேரில் ஒருவருக்கு என்று இறங்கிவிட்டது.

மாத்திரை அவ்வளவு சக்தி வாய்ந்ததா? இங்கே கொஞ்சம் கவனம் தேவை. தனித்தனி நோயாளிகளை ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2018-ம் ஆண்டின் காக்ரேன் அறிக்கை, ஐவர்மெக்டினுக்கும் பெர்மெத்ரினுக்கும் குணப்படுத்துவதில் பெரிய வித்தியாசம் இல்லை என்றது. ஒரு ஆளுக்கு இரண்டும் ஏறக்குறைய சமம். ஊருக்கு என்று வரும்போதுதான் வித்தியாசம். மாத்திரையைச் சுகாதாரப் பணியாளர் கண்ணெதிரே விழுங்கச் சொல்லலாம், அத்தோடு முடிந்தது. உடம்பு முழுக்கப் பூசினாரா, ராத்திரி முழுக்க வைத்திருந்தாரா என்று யார் போய்ப் பார்ப்பது? அதிலும் அரிப்பே இல்லாத ஒருவரை வெக்கையில் பிசுபிசுப்பான க்ரீம் பூசிக்கொள்ளச் சொன்னால் எத்தனை பேர் கேட்பார்கள்?

ஆக, ஃபிஜி சொன்ன பாடம் இதுதான். மருந்து எது என்பதோடு, எல்லோரும் ஒரே நேரத்தில் அதை உண்மையிலேயே எடுத்தார்களா என்பதும் முக்கியம்.

அரிப்புக்காகவா ஊர் முழுக்க மாத்திரை?

நியாயமான கேள்வி. பதில், சொறிவதால் ஏற்படும் புண்ணில் இருக்கிறது. நகம் பட்டுக் கிழிந்த தோல் வழியே ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் நுழையும். சீழ்ப்புண் வரும். சில குழந்தைகளுக்கு இதைத் தொடர்ந்து சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. சிலருக்குக் கிருமி ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இரவெல்லாம் தூங்காத குழந்தை மறுநாள் பள்ளியில் என்ன படிக்கும் என்பது தனிக் கேள்வி.

ஃபிஜியில் மாத்திரை கொடுத்த இடத்தில் இந்தச் சீழ்ப்புண் 24.6 சதவீதத்தில் இருந்து 8 ஆகக் குறைந்தது. அங்கே ஊருக்குக் கொடுத்தது மைட்டைக் கொல்லும் மருந்து மட்டுமே, ஆன்டிபயாடிக் அல்ல. 2015-ல் பக்கத்து நாடான சாலமன் தீவுகளில், ஒரு மாகாணத்தின் 26,000-க்கும் மேற்பட்ட மக்களுக்கு ஐவர்மெக்டினோடு அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் சிரங்கு 18.7 சதவீதத்தில் இருந்து 2.3 ஆக இறங்கியது.

இதன் அடிப்படையில், பத்தில் ஒருவருக்கு மேல் சிரங்கு உள்ள பகுதிகளில் எல்லோருக்கும் மருந்து தருவதை 2030-க்குள் 25 நாடுகளாவது கடைப்பிடிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் இலக்கு வைத்திருக்கிறது.

எல்லாம் சரி, சிக்கல் எங்கே?

முதல் சிக்கல், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பது. 15 கிலோவுக்குக் குறைவான குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஐவர்மெக்டின் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. ஆனால் சிரங்கு அதிகம் வருவதே சின்னக் குழந்தைகளுக்குத்தான். அவர்களுக்குக் க்ரீமைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, நிறுத்தினால் திரும்பி வரும். பனாமா நாட்டின் குனா பழங்குடி மக்கள் வாழும் ஒரு தீவில் 1980-களின் பிற்பகுதியில் எல்லோருக்கும் பெர்மெத்ரின் பூசினார்கள். மூன்றில் ஒருவருக்கு இருந்த நோய் நூறில் ஒருவருக்கும் கீழே போனது. அமெரிக்கப் படையெடுப்பால் நாட்டில் குழப்பம் வந்து பணி தடைபட்டதும், சிரங்கும் மறுபடியும் தலைதூக்கியது.

மூன்றாவது, எதிர்ப்புத்திறன். இன்று பெர்மெத்ரினுக்கு நடப்பது நாளை ஐவர்மெக்டினுக்கும் நடக்கலாம். அதனால் அடுத்த மருந்துகளைத் தேடும் வேலையும் நடக்கிறது.

அடுத்து வருவது என்ன?

எல்லோரும் எதிர்பார்ப்பது மாக்சிடெக்டின். ஐவர்மெக்டினின் உறவுக்கார மருந்து. ஐவர்மெக்டின் சில நாட்களில் வெளியேறிவிடும் என்று பார்த்தோம் அல்லவா? மாக்சிடெக்டின் பல வாரங்கள் உடம்பில் தங்கும். அதனால் முட்டைகள் பொரிந்து வரும்போதும் மருந்து அங்கேயே காத்திருக்கும். இரண்டாவது டோஸ் என்ற தலைவலியே இல்லாமல் போகலாம். சிரங்கு பிடித்த பன்றிகளில் நடந்த ஆய்வில், இரண்டு டோஸ் ஐவர்மெக்டினைவிட ஒரே டோஸ் மாக்சிடெக்டின் நன்றாக வேலை செய்தது. ஆற்றுக் குருடு நோய்க்கு 2018-லேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது. சிரங்குக்கு எவ்வளவு டோஸ் என்பதை மனிதர்களில் சோதித்துப் பார்க்கும் பணி நடந்திருக்கிறது.

பூசும் மருந்தில் புதியது ஸ்பினோசாட். இதுவும் மண் பாக்டீரியாவில் இருந்து வந்ததுதான். நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, ஒரே ஒருமுறை பூசினால் போதும் என்று 2021-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இரண்டின் நோக்கமும் ஒன்று: சிகிச்சையை 'ஒரே தடவை' ஆக்குவது. ஏனென்றால் இந்த நோய் ஜெயிப்பதே மனிதர்கள் இரண்டாவது தடவையை மறந்துபோவதால்தான்.

உங்கள் வீட்டில் வந்தால்?

ஃபிஜி பாடத்தை ஓர் அறைக்குள்ளும் செயல்படுத்தலாம்.

1. இரவில் கூடும் அரிப்பு, விரல் இடுக்கில் சின்னச் சின்னப் பொரிகள், வீட்டில் இன்னொருவருக்கும் அதே தொல்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள். டெர்மோஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியில் மைட்டையும் அதன் குழியையும் பார்த்தே உறுதிசெய்ய முடியும்.

2. 'எனக்கு மட்டும் எழுதிக் கொடுங்க டாக்டர்' என்று சொல்லாதீர்கள். கூட இருப்பவர்கள் எத்தனை பேர், அதில் சின்னக் குழந்தை, கர்ப்பிணி உண்டா என்பதைச் சொல்லுங்கள். ஒவ்வொருவருக்கும் எது, எவ்வளவு என்பதை அவர்தான் முடிவுசெய்ய வேண்டும். ஐவர்மெக்டின் டோஸ் உடல் எடையைப் பொறுத்தது. ஒருவருக்கு எழுதியதை இன்னொருவர் விழுங்கக் கூடாது.

3. ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அரிப்பு இல்லாதவர் உட்பட எல்லோரும் அதே இரவில் சிகிச்சை எடுங்கள். இரண்டாவது தடவைக்கான தேதியை அப்போதே போனில் ரிமைண்டர் போட்டுவிடுங்கள்.

4. கடந்த சில நாட்களில் பயன்படுத்திய துணி, டவல், பெட்ஷீட்டை வெந்நீரில் துவையுங்கள். துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி ஒரு வாரம் வையுங்கள். மனித உடம்பை விட்டு வெளியே வந்த மைட் இரண்டு மூன்று நாளுக்கு மேல் பிழைக்காது. வீடு முழுக்க மருந்தடிக்கத் தேவையில்லை.

5. சிகிச்சை முடிந்தும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிப்பு இருக்கலாம். செத்த மைட்டின் மிச்சம் தோலில் இருக்கும்வரை உடம்பு எதிர்வினை காட்டும். பயந்துபோய் தினமும் க்ரீம் பூசினால் தோல்தான் புண்ணாகும். புதிய பொரிகள் வந்தாலோ, ஒரு மாதம் தாண்டியும் அடங்காவிட்டாலோ மறுபடியும் டாக்டரைப் பாருங்கள்.

இவற்றில் கஷ்டமானது மாத்திரையோ க்ரீமோ அல்ல. ரூம்மேட்டிடம், மாமியாரிடம், துணையிடம் 'எனக்குச் சிரங்கு இருக்கு, நீங்களும் மருந்து எடுத்துக்கணும்' என்று சொல்வதுதான். ஆராய்ச்சி எவ்வளவு முன்னேறினாலும் அந்த ஒரு வாக்கியத்தை நாம்தான் சொல்லியாக வேண்டும்.